என்ஜின் காணப்படவில்லை

மாதா கோயில் கூரைக்காக அடித்த பரிசுக் கூப்பனில் பத்தை விற்றவர் பதினொன்றாவதைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஆனைக்கரைப் பங்கில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் பிலோமி பதினொன்றாவது கூப்பனை அப்படித்தான் வாங்கினாள். விரும்பி வாங்கினாள் என்று சொல்ல முடியாது. மடத்து சிஸ்டர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார், அதனால் வாங்கினாள். ஐந்தாம் பரிசு பிரஷர் குக்கர். அது விழுந்தால் நல்லது என்று மாதாவிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தாள்.

மாதாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. முதல் பரிசு விழுந்தது.

முதல் பரிசு ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பழுத்த எலுமிச்சை நிறம். இரண்டே இருக்கை. பொத்தானை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் சொந்தக்காரர் வளைகுடாவில் இருக்கும் பெரிய மனிதர். தன் வீட்டு வாசல் ஏற்றத்தில் மூன்று முறை ஏற்றிப் பார்த்து, மூன்று முறையும் அடிவயிறு தட்டியதால், நான்காவது முறை அதைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார். கடவுளிடமும் கராஜ் இல்லை.

"ஏழைகளோட பக்கம்தான் ஆண்டவர் நிக்கிறார்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று பங்குச் சாமியார் ஜிபி ஒலிபெருக்கியில் கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டல் அடங்கியதும், "பரிசை இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கோயில் வளாகத்துல இருந்து எடுத்துரணும். பெயர் மாற்றம் ஏற்கெனவே ஆன்லைன்ல முடிஞ்சிருச்சு" என்றார். ஆண்டவர் நின்ற பக்கத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

டிப்பர் லாரியில் ஏற்றி, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் இருந்த பெரட்டுக் களத்தில் காரை இறக்கினார்கள். தினமும் காலையில் தொழிலாளிகளை நிற்க வைத்துப் பேர் கூப்பிடும் இடம் அது. மறுநாள் சூப்பர்வைசர் வந்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, காருக்கு வழிவிட்டு ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். இருபத்தாறு வருடமாக அந்தக் களத்தில் நிற்கும் பிலோமிக்கு அங்கே யாரும் இடம் ஒதுக்கியதில்லை.

பிலோமியின் மகள் ஜெஸ்னா, அந்த லயத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பொருளாதாரம் படித்துவிட்டு, டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் அடுத்தவர்களுக்கு அரசாங்கப் படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் எந்த மேசை தாண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு சக்கர லைசென்சும் இருந்தது. கல்லூரி விடுமுறையில் பிஜுவின் ஜீப்பில் ஓட்டிப் பழகி எடுத்தது.

அதே பிஜுதான் காரைப் பார்க்க வந்தான். மலையில் ஓடும் பாதி ஜீப்புகள் அவன் கையால் எழுந்தவை. சட்டைக் கையை மடித்துவிட்டு முன்மூடியைத் திறந்தான். உள்ளே கம்பளம் விரித்த ஒரு குழியும், மடித்து வைத்த ஒரு குடையும் இருந்தன.

"ஜெஸ்னா, மோசம் போயிட்டீங்க. என்ஜினக் கழட்டிட்டுக் குடுத்திருக்காய்ங்க."

"நல்லாப் பாருண்ணே."

"என்னத்த நல்லாப் பாக்க? பத்தொம்பது வருஷமா மூடியத் தொறக்கிறேன். குடைய வச்சு வண்டி ஓட்டுறவன் நான் பாத்ததில்ல."

அவள் சாவியை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து புலி ஒன்று தொண்டையைச் சரிசெய்துகொண்டது. பிஜு இரண்டடி துள்ளி ஏலச்செடிக்குள் விழுந்தான். எழுந்து வந்தவன், "என்ஜின முதுகுல சுமக்குதாடி இது?" என்று கேட்டு, வெகு நேரம் காரின் பின்பக்கத்தையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அந்தக் கார் அந்தக் குடும்பத்தில் ஒரு நோயாளியாக வாழ்ந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை கிளப்பாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். கிளப்பினால் மண்ணெண்ணெய் அடுப்பு குடிப்பதைப்போலப் பத்து மடங்கு பெட்ரோல் குடிக்கும். மழை வந்தால் கூரை தானாகத் திறந்துகொள்ளும், வெயில் அடித்தால்தான் மூடும். எலிகளுக்கு அதன் ஒயர் பிடித்துப்போனது. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதாவது ஒரு எச்சரிக்கை எப்போதும் இருக்கும். ஒருநாள், 'ஓட்டுநர் களைப்பாக இருக்கிறார், ஓய்வெடுக்கவும்' என்றது. தோட்டத்தில் யாரைப் பார்த்தும் இதுவரை எந்த மிஷினும் அப்படிச் சொன்னதில்லை என்று பிலோமி அந்த எழுத்தை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

கொச்சியிலிருந்த சர்வீஸ் சென்டருக்கு ஜெஸ்னா போன் போட்டாள். தேன் தடவிய குரல் ஒன்று வண்டியின் இருப்பிடத்தைக் கேட்டது. சொன்னாள். "மேடம், எங்க மேப்ல அங்கே ரோடு காட்டலியே."

"ரோடு எங்களுக்கும் காட்டல. நாங்க இருக்கோம்."

"அப்போ வண்டி அங்கே இருக்க வாய்ப்பில்லை மேடம். வேறு ஏதாவது உதவி வேணுமா?"

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிலோமியின் புருஷன் அமிர்தநாதன் நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தார். மழைக்கு முன்னால் நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து முதுகுத்தண்டு நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தால் நடப்பார், இந்த மாதம் பதினெட்டாம் தேதி என்று மெடிக்கல் காலேஜில் நாள் குறித்திருந்தார்கள். தேதி தவறினால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. நரம்பு அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜெஸ்னா மூன்று நாளுக்கு ஒருமுறை காரைக் கிளப்பும்போது, கட்டிலில் கிடக்கும் அந்த மனிதர் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பிக்கொள்வார்.

"பாப்பா, இன்னொரு தடவ மிதி."

"பெட்ரோல் போயிரும்ப்பா."

"போகட்டும். தொர பங்களாவுலகூட இந்தச் சத்தம் கெடையாது. மிதி."

மிதித்தாள். லயத்தின் தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது. அமிர்தநாதன் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மாதத்தில் மாத்திரை செய்யாத வேலையை அது செய்தது.

சிகிச்சை இலவசம். இலவசம் என்பது இன்சூரன்ஸ் அட்டையால், இன்சூரன்ஸ் அட்டை என்பது ஏழைகளுக்கான பிங்க் ரேஷன் கார்டால். அந்தக் கார்டைத்தான் ரத்து செய்வதாக சப்ளை ஆபீஸ் ஐந்தாம் தேதி நோட்டீஸ் அனுப்பியது. காரணம்: 'கார்டுதாரர் நான்கு சக்கர சொகுசு வாகனம் வைத்திருப்பது கம்ப்யூட்டரால் கண்டறியப்பட்டுள்ளது.'

தாயும் மகளும் போனார்கள். அதிகாரியின் பேர் ஜிஜி. மேசையில் கண்ணாடிக்கு அடியில் அவர் வாங்கிய நற்சேவைச் சான்றிதழின் ஜெராக்ஸ் இருந்தது. ஒரிஜினல் சுவரில் இருந்தது. மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார்.

"நாலு சக்கரம் உள்ளவர் ஏழை அல்ல. இது நான் பறையறது இல்ல, கம்ப்யூட்டர் பறையறது."

"எங்க வீட்டுல கக்கூசுக்குக் கதவே இல்ல சார்" என்றாள் ஜெஸ்னா. "சாக்குதான் தொங்குது."

"கதவு பற்றி ஃபாரத்துல கேள்வி இல்லல்லோ மோளே. சக்கரம் பற்றித்தான் கேள்வி."

"அப்ப காரை வித்துர்றோம்."

"விற்றா பணம் வரும். பணம் வந்த ஆள் ஏழையா?"

"சும்மா யாருக்காச்சும் குடுத்துர்றோம்."

"இவ்வளவு விலையுள்ள வண்டிய சும்மா கொடுக்கற வசதி உள்ளவங்க ஏழையா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாவங்களுக்காக, ஏழைகளுக்காக வேலை செய்யுற ஆள். பதினேழு வருஷ சர்வீஸ். இந்தத் தாலுகாவுல பாவங்களோட எண்ணிக்கைய நாற்பது சதவீதம் குறைச்சது நான். எப்படி? ஓரோ கார்டா வெட்டி."

பிலோமிக்கு எல்லாம் புரியவில்லை. சார் கோபமாக இல்லை என்பது மட்டும் புரிந்தது. "பதினெட்டாந் தேதி ஆபரேசன் சார். அதுவரைக்குமாச்சும் எங்கள ஏழையா வச்சிருங்க" என்று கும்பிட்டாள்.

அவருக்கும் மனசு இருந்தது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. வண்டி ஓடாது என்று மோட்டார் வாகன ஆபீசிலிருந்து சான்றிதழ் கொண்டு வந்தால், அதை வண்டியாகக் கணக்கில் எடுக்காமல் விடலாம். ஓடாத வண்டி வீட்டுச் சாமானுக்குச் சமம்.

மோட்டார் வாகன ஆபீசில் இன்ஸ்பெக்டர் ஷைஜு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செய்யலாம். வண்டிய இங்கே கொண்டு வாங்க" என்றார்.

"ஓடாத வண்டிய எப்படி சார் கொண்டு வர்றது?"

"ஓட்டிக்கொண்டு வரணும். கட்டி இழுத்தா அதுக்கு வேற பெர்மிட். இழுக்கிற வண்டிக்கு ஒண்ணு, இழுபடுற வண்டிக்கு ஒண்ணு. ஓடாதுன்னு நான் கண்ணால காணாம எப்படி ஒப்பு போடறது?"

"ஓடி வந்துட்டா அது ஓடுற வண்டி ஆயிராதா?"

இன்ஸ்பெக்டர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார். "படிச்ச பிள்ளைகளோட பிரச்சனையே இதுதான். அடுத்த கட்டத்த முதல்லயே சிந்திக்கும்."

ஒன்பதாம் தேதிக்கு நேரம் கிடைத்தது. காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை. லயத்திலிருந்து தார் ரோடு வரை பாறை. தார் ரோட்டிலிருந்து டவுன் வரை பதினான்கு வேகத்தடைகள், அதில் மூன்று மோட்டார் வாகன ஆபீசின் வாசலில். பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு அமைக்கப்பட்டவை என்று பலகை இருந்தது. எல்லா வண்டிகளும் அதில் தட்டிவிட்டுத்தான் சான்றிதழ் வாங்க உள்ளே போகும்.

லயத்துப் பெண்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. மழைக்காலத்தில் ஆள் ஏற்றும் ஜீப் சேற்றில் புதையும்போது என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். பக்கத்து வீட்டு மாரித்தாய் தலைமையில் ஆறு பேர், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் நான்கு பலகையுமாகப் பிஜுவின் ஜீப்பில் பின்னால் வந்தார்கள். பாறைப் பாதையிலும் ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் இறங்குவார்கள். சாக்கை மடித்துத் தடைக்கு இரண்டு பக்கமும் மெத்தை போடுவார்கள், அதன்மேல் பலகை. கார் மெல்ல ஏறி இறங்கும். எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடுவார்கள்.

"ஏய் ஜெஸ்னா, பொண்ணழைப்புக்கு நடபாவாட விரிச்ச மாதிரியில்லடி இருக்கு" என்று மாரித்தாய் கத்தினாள். "ஆரத்திதான் பாக்கி!"

"மதினி, பலகைய இங்கிட்டு நகத்துங்க, வயித்துல இடிக்குது!"

"அதுக்கு வயிறு இருக்கு, எங்களுக்கு இல்லையாக்கும். வெறுந்தண்ணியோட வந்துருக்கோம்."

ஒன்பதாவது தடையில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். பத்துப் பேருக்கு மேல் ரோட்டில் இறங்கி நடந்தால் ஊர்வலம், அனுமதி வேண்டும் என்றார். எண்ணிப் பார்த்தார். டிரைவர்கள் இருவரையும் பிலோமியையும் சேர்த்து ஒன்பது. ஏமாற்றத்தோடு விட்டுவிட்டார்.

ஆபீஸ் முற்றத்தில் ஜெஸ்னா காரை நிறுத்தினாள். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று பிஜு சொல்லியிருந்ததால் என்ஜினை அணைக்கவில்லை. புலி உறுமிக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் ஷைஜு படிவத்தோடு இறங்கி வந்தார். படிவத்தின் முதல் வரி: 'முன்மூடியைத் திறந்து என்ஜினைப் பரிசோதிக்கவும்.'

திறந்தார். குனிந்தார். டார்ச் வாங்கி அடித்துப் பார்த்தார். குடையை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, என்ஜின் சத்தத்தில் தன் குரல் கிளார்க்குக்குக் கேட்காததால், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்:

"எழுதிக்கோ! என்ஜின் இல்லா!"

"எந்தா சார்?" என்று கிளார்க்கும் கத்தினார்.

"என்ஜின்! காணப்படவில்லை!"

ஜெஸ்னா வாயைத் திறந்தாள். "சார், அது பின்னாடி..." என்பதற்குள் பிலோமி மகளின் இடுப்புச் சதையைப் பிடித்துத் திருகினாள். இருபத்தாறு வருடம் காய் திருகிய விரல்கள். ஜெஸ்னாவுக்குப் பொருளாதாரம் முழுதும் அந்த இடத்தில் புரிந்தது.

"பின்னாடி என்ன?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பின்னாடி ஜீப்ல ஆளுக காத்திருக்காங்க சார். சீக்கிரம் போகணும்."

"என்ஜின் இல்லாத்த வண்டி ஓடாது" என்று அவர் முடிவெடுத்தார். "ஓடாது என்று சர்ட்டிபிக்கேட் கொடுக்கலாம். பாரு மோளே, இங்கே வந்தா நியாயம் கிட்டும். பலரும் இந்த ஆபீசப் பற்றித் தப்பாப் பேசும். நாங்க காணாத்தது ஒண்ணும் எழுத மாட்டோம்."

என்ஜின் இல்லாத வண்டி அங்கே எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கையெழுத்து, முத்திரை, கம்ப்யூட்டரில் பதிவு. பிஜு ரிப்பேர் பார்ப்பதுபோல் ஜீப்புக்கு அடியில் படுத்துச் சிரித்து முடித்துவிட்டு எழுந்து வந்தான்.

திரும்பும்போது டவுனின் கடைசித் தடையைத் தாண்டியதும், புதிதாகத் தார் போட்ட ஏற்றம் வந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. மழை விட்டிருந்தது, ஆகவே கூரை மூடப் பார்த்துப் பாதியில் மனம் மாறித் திறந்துகொண்டது. சான்றிதழ் பிலோமியின் ரவிக்கைக்குள் இருந்தது. ஜெஸ்னா காலை அழுத்தினாள். மலை ஏறும்போது ஜீப் முனகும், பஸ் இருமும், மனிதருக்கு மூச்சு வாங்கும். இந்த வண்டிக்கு அது ஏற்றம் என்றே தெரியவில்லை. முதுகை யாரோ பெரிய கையால் தாங்கி மேலே தூக்கியதுபோல இருந்தது. வளைவுகள் தாமாக வந்து சக்கரத்துக்கடியில் படுத்தன. எந்த நேரமும் அலறும் திரை அந்த மூன்று நிமிடமும் ஒரு எச்சரிக்கைகூடச் சொல்லவில்லை. பிலோமியின் தலைத்துண்டு பறந்து தேயிலைக்குள் போனது. "போகட்டும், போ!" என்றாள் அவள். எதைச் சொன்னாள் என்று ஜெஸ்னா கேட்கவில்லை.

மறுநாளே சான்றிதழை சப்ளை ஆபீசில் கொடுத்தார்கள். ஜிஜி சார் அதை ஒரு ஃபைலுக்குள் வைத்தார். ஃபைல் ஆறு நாள் நடந்தது. மேசைக்கும் மேசைக்கும் நடுவே நான்கடிதான். பதினாறாம் தேதி காலையில் உடனே வரும்படி போன் வந்தது. வண்டி ஓடாது என்று எழுதி வாங்கியிருந்ததால் பஸ்ஸில் போனார்கள்.

மேசையில் இரண்டு காகிதம் அருகருகே கிடந்தன. ஒன்று, என்ஜின் காணப்படவில்லை என்ற சான்றிதழ். மற்றது ரோட்டோர வேகக் கேமராவின் நோட்டீஸ், கம்ப்யூட்டர் ஃபைலோடு சேர்த்திருந்தது. அதே தேதி, அதே வண்டி, ஐம்பது போக வேண்டிய இடத்தில் எண்பத்து நான்கு கிலோமீட்டர் வேகம். படமும் இருந்தது.

"ரெண்டும் சர்க்கார் பேப்பர்" என்றார் ஜிஜி சார். "சர்க்கார் பொய் பறையாது. ஒரு பேப்பர் சொல்லுது என்ஜின் இல்லா. ஒரு பேப்பர் சொல்லுது எண்பத்தி நாலு. இப்போ நான் எந்தச் சர்க்கார நம்பணும்? விளக்கம் தரணும். தரலேன்னா கார்டு இன்னிக்கே ரத்து."

பிலோமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டே நாள். ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது. அமிர்தநாதனுக்கு முடி வெட்டி, முகம் மழித்து, மாரித்தாயின் மகன் வேட்டிகூடத் துவைத்துப் போட்டிருந்தான்.

ஜெஸ்னா மூன்று வருடமாக அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்பியவள். உண்மையைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும், அதற்குக் கட்டமும் கிடையாது. அவள் சுருக்கமாகச் சொன்னாள்:

"எறக்கம் சார்."

"எந்தா?"

"என்ஜின் இல்லாத வண்டி சார். எறக்கத்துல உருண்டு வந்துச்சு."

"எண்பத்தி நாலிலயா?"

"நம்ம ஜில்லா எறக்கம் அப்படி சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் பெரிய நிம்மதி பரவியது. இரண்டு காகிதமும் ஒரே நேரத்தில் சரியாகிவிட்டன, ஒரு இலாகாவுக்கும் மனக்கஷ்டம் இல்லை. "சரியாக்கும். புவியீர்ப்பு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஃபைன் நீங்க தனியா கட்டிக்கோ. இனி இறக்கத்துல போகறதுக்கு முன்னாடி எழுத்துமூலம் அறிவிக்கணும்." முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். ஓங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மா எதுக்குச் சிரிக்குது?"

கேமரா நன்றாகத்தான் எடுத்திருந்தது. கூரை இல்லாத வண்டியில், முடி நாலு பக்கமும் பறக்க, வாய் முழுதும் திறந்து, கடைவாய்ப் பல் இல்லாத இடம்கூடத் தெரிய ஒரு பெண் இருந்தாள். பிலோமி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணை அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"இது முன்னுரிமைக் கார்டு" என்றார் ஜிஜி சார், வருத்தமாக. "பரம ஏழைகளுக்கு உள்ளது. நாளைக்கு ஆடிட் வரும். இந்தப் போட்டோவைக் காணும். பாவப்பட்டவங்க இப்படிச் சிரிக்குமான்னு என்னிடம் கேட்கும். நான் என்ன பறையும்?"

ஜெஸ்னாவுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. மேசைக்கு மேலே முத்திரை அந்தரத்தில் நின்றது. மை உலர்ந்துகொண்டிருந்தது.

"சிரிக்கல சார்" என்றாள். "பயத்துல கத்துறாங்க. பிரேக் புடிக்கலன்னு நெனச்சுட்டாங்க."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்படியா அம்மா? பயமா?"

பிலோமி மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

'பயம்' என்று படத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி, அதன்மேல் சின்னதாகக் கையெழுத்து போட்டு, கார்டில் முத்திரையைக் குத்தினார். பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு அமிர்தநாதனை ஆபரேசன் தியேட்டருக்குள் எடுத்துப்போக அந்த முத்திரை போதும்.

இருவரும் வெளியே வந்தார்கள். பிலோமி கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படியில் நின்றவள் நகரவில்லை.

"ஏண்டி" என்றாள். "அது ஏத்தம்ல?"

"ஆமாம்மா."

"நான் பயப்படவே இல்லையேடி. கொஞ்சங்கூட."

"தெரியும்மா" என்றாள் ஜெஸ்னா. "மெதுவாப் பேசு. இன்னும் ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறோம்."